ஆறே முக்கால் பஸ்

வணக்கம்ங்க. பருவநிலை மாற்றமும் போக்குவரத்தும் என்று தலைப்புக் கொடுத்து, வானொலியில் பதினைந்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் விஞ்ஞானி இல்லை. கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் முப்பத்தோரு வருஷம் அறிவியல் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவன். அத்தனை வருஷமும் பஸ்ஸில்தான் போய் வந்தேன். இன்றைக்கு இங்கே வந்ததும் இரண்டு பஸ் மாறித்தான். அதனால் பஸ்ஸைப் பற்றிப் பேசினால் கேட்டுக்கொள்வீர்கள் என்ற தைரியத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒரு பையன் கேட்ட கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள், ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் இரண்டரை கிலோவுக்கு மேல் கரியமில வாயு வரும் என்று சொன்னேன். கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்தான். லாரிக்காரர் வீட்டுப் பையன். "சார், ஒரு லிட்டர் டீசல் ஒரு கிலோவே வராதுங்க. அதிலிருந்து இரண்டரை கிலோ எப்படிங்க? காத்துல இருந்தா கொட்டும்?" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பையன் சொன்னதுதான் சரி. காற்றிலிருந்துதான் கொட்டுகிறது. டீசலில் இருக்கிற கார்பன் எரிகிறபோது, ஒவ்வொரு கார்பனும் காற்றில் இருக்கிற ஆக்சிஜன் இரண்டைச் சேர்த்துக்கொண்டுதான் புகைக்குழாயை விட்டு வெளியே வருகிறது. விசேஷத்துக்கு ஒருத்தரைக் கூப்பிட்டால் கூட இரண்டு ஒறம்பரையை, அதாவது சொந்தக்காரர்களை, அழைத்துக்கொண்டு வருவார்களே, அந்த மாதிரி. பன்னிரண்டு கிராம் கார்பன் போனால், நாற்பத்து நான்கு கிராம் வாயுவாகத் திரும்பி வரும். அந்த ஒறம்பரை சீக்கிரம் கிளம்புவதும் இல்லை. நூறு வருஷம் தாண்டியும் ஒரு பகுதி மேலேயே உட்கார்ந்திருக்கும்.

உட்கார்ந்து என்ன செய்யும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த கோடையில் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தென்னை மரங்கள் தோப்புத் தோப்பாக மட்டை தொங்கி நின்றதைப் பார்த்தோம். அந்த ஒரு வறட்சியை அப்படியே பருவநிலை மாற்றத்தின் தலையில் கட்டிவிட முடியாது. வறட்சி நம்ம ஊருக்குப் புதிதும் இல்லை. ஆனால் 2024 கோடையில் ஈரோட்டில் வெயில் 108 டிகிரியைத் தாண்டியது. கோயமுத்தூரில் ஃபேன் இல்லாமல் தூங்கினோம் என்று சொன்னால், என் பேத்தி என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள்.

சரி, பஸ்ஸுக்கு வருகிறேன்.

எங்கள் ஊருக்குப் பொள்ளாச்சியிலிருந்து சாயங்காலம் ஆறே முக்காலுக்கு ஒரு டவுன் பஸ் வந்துகொண்டிருந்தது. அந்த பஸ்ஸில் யார் யார் வருவார்கள் என்று இப்போதும் என்னால் சொல்ல முடியும். நார் மில்லில் வேலை பார்க்கிற பெண்கள் ஒன்பது பேர், தலையில் கட்டின துணியைக்கூட அவிழ்க்காமல் ஏறுவார்கள். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்த பிள்ளைகள். சந்தை நாளென்றால் காலிக் கூடைகள். முருங்கைக்காய்க் கட்டுக்கு லக்கேஜ் டிக்கெட் போடலாமா கூடாதா என்று ஒரு ஆத்தாவுக்கும் கண்டக்டருக்கும் வாரம் தவறாமல் சண்டை. கடைசியில் ஆத்தா ஒரு கை முருங்கைக்காயை அவர் பையில் போட்டுவிட்டு இறங்கும். இட்டேரி முக்கில் டிரைவர் மூன்று தடவை ஹாரன் அடிப்பார். அதைக் கேட்டுத்தான் எங்கள் வீட்டில் அடுப்பில் உலை வைப்பார்கள்.

இட்டேரி என்றால் இளைய நேயர்களுக்குத் தெரியுமோ என்னவோ. இரண்டு பக்கமும் கிலுவை வேலி போட்டு, தோட்டங்களுக்கு நடுவில் வண்டி போக விட்ட தடம். என் அப்பிச்சி, அம்மாவின் அப்பா, அந்தத் தடத்தில்தான் காங்கயம் காளை பூட்டின சவாரி வண்டியில் பொள்ளாச்சி போவார். சொட்டு டீசல் இல்லை. ஆனால் அந்தக் காலம் திரும்ப வரவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. என் பெரியம்மாவுக்குப் பிரசவ வலி எடுத்து, மழை நாளில் அந்த இட்டேரிச் சேற்றில் வண்டி இறங்கி நின்ற கதையை அம்முச்சி, அம்மாவின் அம்மா, சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தது. ஊருக்கு பஸ் வந்தது எப்பேர்ப்பட்ட சங்கதி என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அந்த பஸ் ஒரு நாள் வரவில்லை. ஸ்பேர் பஸ் இல்லை, ட்ரிப் கட் என்றார்கள். மறுநாள் வந்தது. அப்புறம் வாரத்தில் இரண்டு நாள் வரவில்லை. எந்த இரண்டு நாள் என்று யாருக்கும் தெரியாது. அதுதான் ரொம்பக் கஷ்டம். பஸ்ஸே இல்லையென்றால் மனுஷன் வேறு வழி பார்ப்பான். வருமா வராதா என்று தெரியாத பஸ்ஸுக்குத்தான் இரவு எட்டு மணி வரை நிற்பான். நார் மில் பெண்கள் அப்படி நின்றார்கள். நான் அப்போது ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு, பஸ் வந்த நேரத்தை எழுதிவைக்க ஆரம்பித்தேன். வாத்தியார் புத்தி. அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. இரண்டரை மாசம் எழுதினேன். அதற்கப்புறம் எழுத எதுவும் இல்லை, பஸ் நின்றுவிட்டது. நிறுத்துகிறோம் என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை.

முதலில் ஒரு பெண்ணின் அண்ணன் பழைய மொபெட் ஒன்று வாங்கினான், தங்கச்சியைக் கூட்டிவர. அப்புறம் அடுத்த வீடு. அப்புறம் தவணையில் புது பைக். எங்கள் வீதியில் நான்கு வண்டி இருந்தது, இரண்டு பொங்கல் தாண்டுவதற்குள் பதினான்கு ஆனது. நாங்களும் சும்மா இருக்கவில்லை, கையெழுத்து வாங்கி மனு கொடுத்தோம். அலைந்து அலைந்து பஸ் திரும்ப வந்தது. எத்தனை மணிக்கு? ஏழரைக்கு! மில் விடுவது ஆறு மணிக்கு. ஒன்றரை மணி நேரம் எவள் காத்திருப்பாள்? வண்டிக்குத் தவணை கட்டுகிற வீட்டில் வண்டியைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் யார் போவார்கள்? ஐந்தாறு பேர் ஏறினோம். மூன்று மாசத்தில், கலெக்ஷன் இல்லை என்று சொல்லி மறுபடியும் நிறுத்தினார்கள். அவர்கள் கணக்கில் அது சரிதான். ஆள் இல்லாமல் பஸ் நின்றது என்று எழுதிக்கொண்டார்கள். பஸ் இல்லாமல்தானே ஆள் போனது? அதை எழுத அந்தத் தாளில் கட்டமே இல்லை.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, போர்டு வேண்டாம், மனசிலேயே போடலாம். அரசு பஸ் ஒரு லிட்டர் டீசலுக்கு ஐந்து கிலோமீட்டரைச் சுற்றித்தான் போகும். கேட்க மோசமாக இருக்கும். ஆனால் உள்ளே ஐம்பது பேர். ஐம்பதை ஐந்தால் பெருக்குங்கள், இருநூற்றைம்பது. ஒரு லிட்டரில் எல்லாரும் சேர்ந்து போன தூரம் அது. பைக் லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் போகிறது, ஆள் ஒருத்தர், ஐம்பது. காரில் ஒருத்தர் மட்டும் போனால் பதினைந்து. பஸ்ஸில் ஐந்தாறு பேர்தான் என்றால் அது முப்பதுக்கு இறங்கிவிடுகிறது, பைக்கைவிட மோசம். புரிகிறதுங்களா? புகையைக் குறைப்பது பஸ் இல்லை, நிறைந்த பஸ். நேரத்துக்கு வந்தால்தான் பஸ் நிறையும். இதை இன்னும் இரண்டு தடவை சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை என்று ஆக்கினார்கள். ஓசி என்று கேலி பேசினவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. காலை எட்டு மணி பஸ்ஸில் போய்ப் பாருங்கள், கட்டட வேலைக்குப் போகிற பெண்கள், சித்தாள் சட்டிகளோடு. மாசம் ஆயிரம் ரூபாய்கூட மிச்சமாகிறது என்று என் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மா விரல் விட்டு எண்ணிச் சொல்லியிருக்கிறது. பஸ்ஸைச் சுமந்துகொண்டிருப்பது பெண்கள்தான். ஆண்கள் எல்லாம் பைக்கில் ஓவர்டேக் செய்துகொண்டு போகிறோம்.

இன்னொன்று. கோயமுத்தூர் அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தார்கள். ஜி.டி. நாயுடு பெயர் வைத்தார்கள். பெரிய மனுஷன், பெயர் வைத்தது சந்தோஷம். ஆனால் நாயுடு எதில் தொடங்கினார்? 1920இல் ஒரே ஒரு பஸ், பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு, அவரே ஓட்டினார். அந்த ஒரு பஸ்ஸிலிருந்துதான் யு.எம்.எஸ். என்ற பஸ் கம்பெனியே வளர்ந்தது. அந்த பஸ்காரரின் பெயரை வைத்த பாலத்தில் போகிற வண்டிகளில் எத்தனை தலை தெரிகிறது என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். காருக்கு ஒன்று, காருக்கு ஒன்று. கீழே பாலத்து நிழலில் பஸ்ஸுக்கு நிற்கிறது ஜனம். ஒரு வகையில் அது நல்லதாகப் போயிற்று, நிழலாவது கிடைத்தது.

நிழல் என்றதும் ஞாபகம் வருகிறது. பொள்ளாச்சி ரோட்டில் இரண்டு பக்கமும் புளியமரங்கள் இருந்தன. பஸ் ஸ்டாப் என்று தனியாக ஒன்று கிடையாது, பெரிய புளியமரம்தான் ஸ்டாப். பெயரே அப்படித்தான், புளியமரத்து ஸ்டாப் ஒன்று கொடுங்க என்போம். ரோட்டை அகலப்படுத்தினபோது மரங்கள் போயின. இப்போது இரும்புத் தகடு போட்ட நிழற்குடை. சித்திரை வெயிலில் அதற்கடியில் நின்றால் பணியாரக் கல்லில் ஊற்றின மாவு மாதிரி வேக வேண்டியதுதான். ஒரு வயசான அம்மா அந்தக் கம்பத்தின் நிழலில், ஒரு கை அகலம் இருக்குமா, அதில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். நிழல் நகர நகர அதுவும் நகர்ந்தது. பஸ்ஸில் போங்கள் என்று சொல்கிறவர்கள் அந்தத் தகட்டுக்கடியில் இருபது நிமிஷம் நின்று பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். நானும் சேர்த்துத்தான்.

அடுத்தது கரண்ட் வண்டி. எல்லாரும் கேட்பது இதுதான், சார் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கலாமா என்று. வண்டி வாங்கியே ஆகவேண்டும் என்றால் வாங்குங்கள். மூன்று யூனிட் கரண்டில் எண்பது, நூறு கிலோமீட்டர் ஓடும். கரண்ட் எங்கிருந்து வருகிறது, நிலக்கரியில்தானே என்று கேட்பார்கள். பாதி நியாயம். மீதி பாதிக்கு, பல்லடம், கேத்தனூர், பூளவாடி, உடுமலைப் பக்கம் போய்ப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றில் கரண்ட் எடுக்கிற காற்றாலைக் காத்தாடி எத்தனை சுற்றுகிறது! ஆடியில் அம்மியே பறக்கும் என்பார்கள், அந்த மாசங்களில்தான் காத்தாடிக்கும் சீசன். அந்தக் காற்று ராத்திரியும் அடிக்கும், வண்டி சார்ஜில் நிற்பதும் ராத்திரியில். நம்ம ஊர்க் காற்றிலேயே நம்ம ஊர் வண்டி ஓடும், அது பெரிய கொடுப்பினை. ஆனால் கரண்ட் ஸ்கூட்டரிலும் ஆள் ஒருத்தர்தான். அறுபது கரண்ட் கார் காந்திபுரம் சிக்னலில் நின்றாலும் ஜாம்தான், சத்தம் இல்லாத ஜாம். சென்னையில் 2025 ஜூன் கடைசியில் மின்சார பஸ் விட்டார்கள். நல்லது. எங்கள் ஊருக்கு எந்த எஞ்சின் வந்தாலும் சரி, ஆறே முக்காலுக்கு வரட்டும்.

ஒரு யோசனை பல வருஷமாக என் மண்டையில் சுற்றுகிறது. நம்ம பக்கம் காலேஜ்களுக்குக் குறைச்சல் இல்லை. ஒவ்வொன்றிலும் மஞ்சள் பஸ்கள் காலை ஒன்பது மணிக்கு உள்ளே போய், சாயங்காலம் வரை வெயிலில் வரிசையாக நிற்கின்றன. திருப்பூர் பனியன் கம்பெனி வேன்களும், மில் பஸ்களும் அப்படித்தான். அவை ஒரு நிமிஷம்கூடத் தாமதம் ஆகாது, கவனித்திருக்கிறீர்களா? ஷிஃப்ட் போய்விடுமே! ஊர் ஊராக ஆளை ஏற்ற நமக்குத் தெரியாமல் இல்லை, தெரிகிறது, பிழைப்புக்கு என்றால் செய்கிறோம். பகலில் சும்மா நிற்கிற அந்த பஸ்களை வாடகைக்கு எடுத்து நடுப்பகலில் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் விடக் கூடாதா என்று கேட்டால், பர்மிட், இன்ஷூரன்ஸ் என்று பத்துக் காரணம் சொல்கிறார்கள். காரணம் எல்லாம் சரியாகவே இருக்கலாம். பஸ்ஸும் நின்றுகொண்டே இருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம்தானாம். அடடா, லாரியைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு இருக்கிற சீமையில் லாரியை விட்டுவிட்டுப் பேசினேன் என்றால் அந்தக் கடைசி பெஞ்சுப் பையனே என்னை மன்னிக்க மாட்டான், அவன் இப்போது மூன்று வண்டிக்கு ஓனர். அவன் சொன்னதை மட்டும் சொல்லிவிடுகிறேன். "சார், லோடு ஏத்திட்டுப் போறப்ப எரியற டீசலுக்கு நான் வருத்தப்படறதில்லைங்க. ரிட்டன் லோடு கிடைக்காம காலியா வர்றேன் பாருங்க, அதுதான் வயிறு எரியுது." தூத்துக்குடித் துறைமுகத்துக்குத் திருப்பூரிலிருந்து போகிற சரக்கில் இன்னும் கொஞ்சம் ரயிலில் ஏறினால் என்ன என்று அவனிடமே கேட்டேன். ஏறட்டும்ங்க, ரயில்வே டேஷனிலிருந்து குடோனுக்கு நான்தானே ஓட்டணும் என்றான். அதிலேயே இன்னொரு பேச்சுக்கு விஷயம் இருக்கிறது, கூப்பிட்டால் வருகிறேன்.

நேரம் முடிந்தது என்கிறார்கள். எனக்கும் உக்கடம் போய்ப் பொள்ளாச்சி பஸ் பிடிக்க வேண்டும். அங்கே இறங்கினால் ஊருக்குப் போக இப்போது பஸ் இல்லை, பையன் பைக் எடுத்துக்கொண்டு வந்து நிற்பான். வணக்கம்ங்க.