லிஸ்ட்ல அடிபட்ட பேரு

எல்லாருக்கும் வணக்கம். ரஷ்யப் பொண்ணுங்க ஜிம்னாஸ்டிக்ஸ்னா நாம மெடல் கணக்குதான் பேசுவோம், நான் இன்னைக்கு கோச்சுங்கள பத்தி பேசப் போறேன், ஏன்னா ஃபைனல்ல யாரு இறங்கணும்னு முடிவு பண்றது அவங்கதான்.

1985, மான்ட்ரியல் உலக சாம்பியன்ஷிப். ஆல்-அரவுண்ட், அதாவது வால்ட், பார், பீம், ஃப்ளோர்னு நாலு ஈவென்ட்டும் சேர்த்து ஆடற ஃபைனலுக்கு, ஒரு நாட்டுக்கு மூணு பேர்தான். சோவியத் டீம்ல ஓல்கா மோஸ்டெபனோவாவும் இரினா பரக்சனோவாவும் மார்க் எடுத்து உள்ள வந்துட்டாங்க, ஆனா ஹெட் கோச் ஆந்திரேய் ரோடியோனென்கோவோட டீம் அவங்க பேர அடிச்சுட்டு எலெனா ஷுஷுனோவாவையும் ஒக்சனா ஒமெல்யான்சிக்கையும் இறக்கிச்சு. இறங்கின ரெண்டு பேரும் தங்கத்த பங்கு போட்டுக்கிட்டாங்க. அதனால முடிவு சரின்னு சொல்றவங்க இருக்காங்க. ஆனா மோஸ்டெபனோவா யாரு? முந்தின வருஷம் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸ சோவியத் புறக்கணிச்சப்ப, செக்கோஸ்லோவாக்கியாவுல ஓலோமவுட்ஸ்ல நடந்த மாற்றுப் போட்டில நாலு ஈவென்ட்லயும் பத்துக்குப் பத்து, 40க்கு 40 எடுத்த பொண்ணுங்க அவ. ஒலிம்பிக்ஸும் போச்சு, சம்பாதிச்ச ஃபைனலும் போச்சு. எனக்கு இன்னும் மனசு ஆறல.

ஏழு வருஷம் கழிச்சு பார்சிலோனா ஒலிம்பிக்ஸ், சோவியத் உடைஞ்சும் பழைய சோவியத் நாட்டுப் பொண்ணுங்க ஒரே டீமா ஆடினாங்க, இப்ப ஹெட் கோச் அலெக்ஸாண்டர் அலெக்ஸாண்ட்ரோவ். தத்யானா குட்சு பீம்ல இருந்து விழுந்துட்டா, மூணு பேருக்குள்ள வரல, ரோசா கலியேவா வந்துட்டா. கலியேவாவுக்கு காயம்னு சொல்லி குட்சுவ இறக்கினாங்க, அவ ஷானன் மில்லர 0.012 வித்தியாசத்துல ஜெயிச்சு ஒலிம்பிக் சாம்பியன் ஆனா. ஆளு மாறினாரு, பழக்கம் மாறல.

இதுல ஒண்ணு புரிஞ்சுக்கணும், அங்க ஒரு குழந்தைய அஞ்சாறு வயசுல இருந்து வளர்க்கறது அவ ஊரு கோச், வொரோனெஷோ பெல்கொரோடோ எங்கயோ ஒரு ஹால்ல, ஆனா நேஷனல் டீமுக்கு வந்துட்டா மாஸ்கோ பக்கத்துல க்ருக்லோயே ஏரி கேம்ப்தான் வீடு, அங்க கடைசி வார்த்தை ஹெட் கோச்சோடது. வளர்த்தவர் ஒருத்தர், முடிவு பண்றவர் இன்னொருத்தர், நடுவுல அந்தப் பொண்ணு.

நடுவுல மாட்டினா என்ன ஆகும்னு எலெனா முகினா கதைய விட பெரிய சாட்சி வேண்டாம். 1978 உலக சாம்பியன். காலு முறிஞ்சு சரியா ஆறறதுக்குள்ளயே திரும்ப பிராக்டிஸ். 1980 ஜூலை 3, மாஸ்கோ ஒலிம்பிக்ஸுக்கு ரெண்டு வாரம்தான் பாக்கி, மின்ஸ்க் கேம்ப், அவளோட கோச் கிளிமென்கோ அன்னைக்கு அங்க இல்ல. தாமஸ் சால்டோ, அதாவது காத்துல சுத்தி உருண்டு முடிக்கற ஒரு ஆபத்தான குட்டிக்கரணம், பண்றப்ப கழுத்து முறிஞ்சது, அப்ப அவளுக்கு 20 வயசு, அதுக்கப்புறம் 2006ல சாகற வரைக்கும் எழுந்து நடக்கல. அந்த எலிமென்ட்ட பின்னாடி பொண்ணுங்களுக்கு தடை பண்ணிட்டாங்க. யாராவது ஒருத்தர் அந்த ஹால்ல "இன்னைக்கு வேணாம்மா"ன்னு சொல்லியிருக்கலாமே.

ஏதென்ஸ் 2004 ஒலிம்பிக்ஸுக்கு அப்புறம் ரஷ்ய ஹெட் கோச் அர்காயேவ் போய், ரோடியோனென்கோ வெளிநாட்டுல இருந்து திரும்பி வந்தாரு. மனைவி வலென்டினாவும் டீம் நிர்வாகத்துல இருந்தாங்க, பொண்ணுங்க ஃபார்ம பத்தி பத்திரிகைக்கே நேரா விமர்சனம் பண்ணுவாங்க. காயத்தோட இருக்கற பொண்ணு பேப்பர்ல அத படிக்கறது எப்படி இருக்கும்னு யோசிங்க, எனக்கு அது தப்புன்னுதான் தோணுது. அலெக்ஸாண்ட்ரோவும் அமெரிக்காவுல இருந்து திரும்பி வந்தாரு, ரஷ்யாவோட ஸ்டார் ஜிம்னாஸ்ட் அலியா முஸ்தஃபினாவுக்கும் அவர்தான் கோச். 2010 ரோட்டர்டாம் உலக சாம்பியன்ஷிப்ல அவளுக்கு ஆல்-அரவுண்ட் தங்கமும் டீம் தங்கமும் வந்துச்சு. 2011ல பெர்லின்ல வால்ட்ல முட்டி போச்சு, அப்புறமும் லண்டன் ஒலிம்பிக்ஸ்ல நாலு மெடல். அதுக்குப் பரிசா பாருங்க, நிர்வாகத்தோட ஒத்துப்போகாம அலெக்ஸாண்ட்ரோவ் ரஷ்யாவ விட்டே பிரேசில் போயிட்டாரு. 18 வயசுப் பொண்ணு தனக்குன்னு நிலையா ஒரு கோச் இல்லாம நின்னா.

2021ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல டீம் தங்கம் வந்தது ரோடியோனென்கோ காலத்துலதான், மெல்னிகோவா, உரசோவா, லிஸ்டுனோவா, அகைமோவா நாலு பேரும் அன்னைக்கு ஆடினது நெஞ்ச அள்ளிடுச்சு, அத மறைக்க மாட்டேன்.

அதே 2021ல முஸ்தஃபினாவ ஜூனியர் டீம் பொறுப்புல போட்டாங்க. அப்படி குட்டிப் பொண்ணுங்க கூட நின்னது, கோச் இல்லாம நின்னு பாத்தவ.