இரண்டு முறையும் கேட்டது பையன்கள்தான்

வணக்கம், எல்லாரும் நலமா? ஜன்னலோரம் உட்கார்ந்து பேசுகிறேன். நடுவில் காகம் கத்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று பெவர்லி கிளியரி. 1916-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் பிறந்து, 104 வயது வரை வாழ்ந்த குழந்தை எழுத்தாளர். வேடிக்கை என்னவென்றால், முதல் வகுப்பில் இவருக்கு வாசிக்கவே வரவில்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த வகுப்பில் ‘நீலப்பறவைகள்’ என்று பெயர். கடைசிக் கூட்டம் ‘கரும்பறவைகள்’. பெவர்லி கரும்பறவை. புத்தகத்தைக் கண்டாலே ஓடுவதற்கு அந்தப் பெயர் ஒன்று போதாதா! மூன்றாம் வகுப்பில், மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொழுது போகாமல் ஒரு புத்தகத்தைப் புரட்டப்போய்த்தான் வாசிப்பில் ருசி பிடித்தது.

வளர்ந்து நூலகரானார். யாக்கிமா ஊர் நூலகத்தில் சில பையன்கள் வந்து, எங்களைப் போன்ற பிள்ளைகளைப் பற்றிய புத்தகம் எங்கே என்று கேட்டார்கள். அலமாரியில் அப்படி ஒன்றும் அகப்படவில்லை.

உடனே எழுதிவிடவில்லை. வருடங்கள் கழித்து, பெர்க்லி ஊரில் குடியிருந்த வீட்டு அலமாரியில் யாரோ விட்டுப்போன தட்டச்சுத் தாள்கள் கிடைத்தன. “எழுதலாம்தான், ஆனால் நம் வீட்டில் கூரான பென்சிலே இருப்பதில்லையே” என்றாராம். கணவர் ஒரு ஷார்ப்னரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். என் சாக்குகளுக்கு இப்படி மருந்து கொடுக்க வீட்டில் ஆளில்லை!

1950-இல் ‘ஹென்றி ஹக்கின்ஸ்’ வெளிவந்தது. தெருவில் கண்டெடுத்த நாயைப் பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு பையன் படும் பாடு. கதையில் எல்லாருமே ஒற்றைப் பிள்ளைகளாக இருக்கிறார்களே என்று, ஒரு சிறுமிக்குப் போகிற போக்கில் ஒரு தங்கையைச் சேர்த்தார். அவள்தான் ரமோனா. ஒரு பெட்டி ஆப்பிளில் ஒவ்வொன்றையும் ஒரே ஒரு கடி கடித்து வைப்பவள். முதல் கடிதான் ருசியாம். நானும் அவள் கட்சிதான்.

ரமோனா கதைகள், அமெரிக்காவில் குழந்தைப் புத்தகங்களுக்குத் தரும் நியூபெரி விருதின் கௌரவப் பட்டியலில் 1978-லும் 1982-லும் இடம்பெற்றன. பதக்கமே கிடைத்தது 1984-இல், ‘டியர் மிஸ்டர் ஹென்ஷா’வுக்கு. அதுவும் கேட்டு வாங்கிய கதைதான்: பெற்றோர் பிரிந்துபோன ஒரு பையனைப் பற்றி எழுதுங்கள் என்று வெவ்வேறு ஊர்ப் பையன்கள் இருவர் கேட்டிருந்தார்கள்.

கதையில் லீ என்ற சிறுவன் ஓர் எழுத்தாளருக்குக் கடிதம் எழுதுகிறான். அப்பா லாரி ஓட்டுபவர். போன் செய்கிறேன் என்பார், செய்யமாட்டார். பள்ளியில் யாரோ அவன் மதிய உணவைத் திருடுகிறார்கள். எழுத்தாளரின் பதில் ஒன்றுகூட நம் கண்ணில் காட்டப்படுவதில்லை. கடைசியில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்துவிடுவார்கள் என்று நானும் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே போனேன். சேரவில்லை.