ஆட்டோபைலட் பதிந்துவைக்கும் புகார்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். திருச்சி விமான நிலையத்தில் எப்போதாவது வந்து இறங்கும் சிறிய வணிக ஜெட் விமானங்களில், பறக்கும்போது, விமானத்தைத் தானே செலுத்தும் ஆட்டோபைலட் தானாக விலகிக்கொண்டால், அதற்கான காரணத்தைத் தரையில் எவ்வாறு தேடுகிறோம் என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

1914-ஆம் ஆண்டு பாரிஸ் நகருக்கு அருகே லாரன்ஸ் ஸ்பெரி என்பவர், விமானம் தானே நிலையாகப் பறக்கிறது என்பதைக் கூட்டத்தினருக்குக் காட்டத் தம் கைகளை உயர்த்திக்கொண்டு பறந்தார். அவருடைய அந்தத் தானியங்கி அமைப்பிடம் கோளாறுக்குக் காரணம் கேட்க வழியில்லை. இன்றைய ஆட்டோபைலட் கணினியோ ஓயாமல் தன்னையே சோதித்து, பொருந்தாதது எதுவாயினும் குறியீடாக நினைவகத்தில் பதிந்துகொள்கிறது.

மின்சாரத்தை அணைத்தாலே இந்தப் பதிவு அழிந்துவிடும் விமானங்களும் உண்டு. ஆகவே, எந்த உயரத்தில், எந்த நிலையில் விலகியது என்று விமானி சொல்வதையும் திரையில் தெரிவதையும் எழுதிக்கொண்ட பிறகே மின்சாரத்தைத் துண்டிக்கும் சர்க்யூட் பிரேக்கரில் கை வைக்க வேண்டும். அவசரப்படுபவர்கள் இங்கேதான் சாட்சியத்தை இழக்கிறார்கள். பதிந்த குறியீடுகளைத் திரையில் காட்டும் பராமரிப்புப் பக்கம் பொதுவாகத் தரையில் மட்டுமே திறக்கும். அதில் வரும் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீட்டை அந்த விமானத்துக்குரிய கையேட்டோடு ஒப்பிட்டே படிக்க வேண்டும்; வேறு வகை விமானத்தில் அதே குறியீட்டுக்கு வேறு பொருள் இருக்கலாம்.

கையேடு சொல்லும் பொருளையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கணினிகளுக்கிடையே தகவல் செல்லும் ஏரிங்க் 429 முறையில் 'சொல்' எனப்படும் ஒவ்வொரு தகவல் துணுக்கும் 32 பிட்டுகள் கொண்டது. அவற்றில் இரண்டு பிட்டுகள், அந்த அளவீடு நம்பத்தக்கதா, கணக்கிடப்படாததா, அனுப்பும் கருவியே பழுதா என்பதைத் தெரிவிக்கும். வேகத்தையும் உயரத்தையும் கணக்கிடும் காற்றழுத்தத் தகவல் கணினி 'கணக்கிட இயலவில்லை' என்று அனுப்பினால், புகார் எழுதுவது ஆட்டோபைலட்தான், ஆனால் குற்றம் அதனுடையதன்று. நாகப்பட்டினத்துக் கடைமடையில் தண்ணீர் வரவில்லை என்றால், அங்குள்ள வாய்க்காலை மட்டும் தூர்வாரிப் பயன் என்ன? தலைமதகு திறந்திருக்கிறதா, கல்லணையில் வெண்ணாற்றுக்கு எவ்வளவு விட்டிருக்கிறார்கள் என்று மேலேறிப் பார்க்கத்தானே வேண்டும்.

ஆட்டோபைலட்டின் கட்டளைப்படி விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் சர்வோ மோட்டாரைக் குறிக்கும் குறியீடு வந்தவுடன் அதைக் கழற்றி மாற்றுவது வழக்கமாகிவிட்டது. விலையும் அதிகம், பல நேரங்களில் வீண் செலவும்கூட. சர்வோவின் பாரத்தைக் குறைக்கும் டிரிம் அமைப்பு நகராமல் நின்றுவிட்டால், அதன் பாரத்தை சர்வோவே இடைவிடாமல் தாங்கி, மின்னோட்டம் வரம்பைத் தாண்டும். கட்டுப்பாட்டுக் கம்பிவடத்தின் இழுவிசை மாறியிருக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் புகுந்த இணைப்பியின் முனை பச்சை பூத்திருக்கலாம். நிறுத்திவைத்த விமானத்தில், வேகத்தை அறியக் காற்றழுத்தத்தை வாங்கும் பிட்டோ குழாயை மூடாமல் விட்டால், குளவி மண்கூடு கட்டவும் சில நாள் போதும்.

பழுதைக் களைந்தபின் நினைவகத்தைத் துடைத்து, தற்சோதனையை மீண்டும் ஓட்டி, குறியீடு திரும்பவில்லை என்று உறுதிசெய்துகொண்டே கையொப்பமிட வேண்டும். 'சரிசெய்யப்பட்டது' என்று மட்டும் பதிவேட்டில் எழுதாமல், பார்த்த குறியீட்டையும் எழுதுங்கள். அடுத்த முறை அதே கோளாறு வேறொரு நகரத்தில், வேறொரு பொறியாளர் முன்னால் தலைகாட்டக்கூடும். வணக்கம்.