பந்து வராத வருஷம்

[திரையில்: மலையடிவாரத்தில் ரோஸ் பௌல் மைதானம், நிரம்பி வழியும் கேலரி]

2022 ஜனவரி 1. கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரில் ரோஸ் பௌல் ஆட்டம். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் சீசன் முடிவில் நடக்கும் 'பௌல்' ஆட்டங்களில் ஒன்று. ஒரு பக்கம் ஓஹையோ ஸ்டேட், மறுபக்கம் யூட்டா. ஓஹையோ ஸ்டேட்டின் பேர்பெற்ற இரண்டு வைட் ரிசீவர்கள் (ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பவர்கள்), கேரட் வில்சனும் கிரிஸ் ஒலாவேயும், அன்று களமிறங்கவில்லை. தொழில்முறை லீகான என்.எஃப்.எல். கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்குத் தயாராக வேண்டும் என்று விலகிக்கொண்டார்கள். பாதி ஆட்டம் முடியும்போது யூட்டா 35, ஓஹையோ ஸ்டேட் 21.

ஆட்டம் முடிந்தபோது ஓஹையோ ஸ்டேட் 48, யூட்டா 45. ஜாக்சன் ஸ்மித்-என்ஜிக்பா என்ற இரண்டாம் ஆண்டு மாணவர் 15 கேட்ச், 347 யார்டு, 3 டச் டவுன் எடுத்திருந்தார். பந்தைப் பிடித்து முன்னேறிய தூரம்தான் யார்டு கணக்கு; எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச் டவுன். எந்த பௌல் ஆட்டத்திலும் அதுவரை எந்த ரிசீவரும் இத்தனை யார்டு எடுத்ததில்லை. நான்கு மாதம் கழித்து நடந்த டிராஃப்டில் வில்சன் பத்தாவதாகவும் ஒலாவே பதினொன்றாவதாகவும் அடுத்தடுத்துப் போனார்கள்.

இரண்டு பேர் வெளியே உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் வந்து சாதனை படைக்கிறார். இது எப்படி நடக்கிறது? இந்த இடத்தில்தான் ரசிகர்களின் சண்டை ஆரம்பிக்கிறது.

[திரையில்: இரண்டு கட்சி, இரண்டு வாசகங்கள்]

ஒரு கட்சி சொல்வது: "எல்லாம் கோச்சின் கைவண்ணம். பிரையன் ஹார்ட்லைன் மாதிரி ரிசீவர் கோச் நாட்டிலேயே கிடையாது." இன்னொரு கட்சி: "பள்ளியிலேயே ஃபைவ் ஸ்டார் மதிப்பீடு வாங்கிய பையன்களைக் கூட்டி வந்தால் யார் வேண்டுமானாலும் கோச் ஆகலாம். அவர் ஆள் பிடிப்பதில் கெட்டிக்காரர், அவ்வளவுதான்."

ஹார்ட்லைன் யார் என்று இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். ஓஹையோ ஸ்டேட்டில் ஆடியவர். 2009 டிராஃப்டில் நான்காவது சுற்றில் என்.எஃப்.எல். அணியான மயாமி டால்ஃபின்ஸுக்குப் போனார். 2012, 2013 இரண்டு சீசனிலும் ஆயிரம் யார்டைத் தாண்டினார். 2018 கோடையில் தன் பழைய கல்லூரியிலேயே ரிசீவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு திடீரென்று அவர் கைக்கு வந்தது. அவரிடம் பயின்றவர்களில் 2022 முதல் 2025 வரை ஓஹையோ ஸ்டேட்டிலிருந்தே ஐந்து பேர் முதல் சுற்றிலேயே டிராஃப்ட் ஆனார்கள். வருஷத்துக்கு ஒருவராவது!

சரி, இந்தக் கணக்கு எதை நிரூபிக்கிறது? என்னைக் கேட்டால், தனியாக நின்றால் எதையுமே இல்லை. வில்சனும், அந்த ஐவரில் இன்னொருவரான எமெக்கா எக்பூகாவும் பள்ளியில் படிக்கும்போதே நாடறிந்த பெயர்கள். டிராஃப்ட் பட்டியலை நீட்டினால் அது ஆள் சேர்த்த திறமையையும் ஆளை வளர்த்த திறமையையும் ஒன்றாகக் கலந்துதான் காட்டும். இரண்டையும் பிரிக்க வேண்டுமானால் கோச் என்ன சொல்லித் தருகிறார் என்று முதலில் பார்க்க வேண்டும்.

[திரையில்: ரிசீவரின் கால்கள் மட்டும், மெதுவான வேகத்தில்]

டிவியில் கேமரா பந்தின் பின்னாலேயே போகும். ஆனால் ரிசீவரின் பாதி வேலை, பந்தை எறியும் குவாட்டர்பேக்கின் கையை விட்டு அது கிளம்புவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. எதிரே, அவரைத் தடுக்கும் கார்னர்பேக் கைநீட்டினால் தொடும் தூரத்தில் நிற்கிறார். அவருடைய நோக்கம் ஒன்றுதான்: முதல் மூன்று அடிக்குள் ரிசீவரின் நெஞ்சில் கை வைத்து, அவர் ஓட வேண்டிய பாதையைக் கெடுப்பது. அந்தக் கைக்குத் தப்பி வெளியே வருவதை ரிலீஸ் என்பார்கள். கபடியில் ரெய்டர் கோட்டைத் தாண்டியதும் காலை எப்படி வைக்கிறார் என்று பார்த்துப் பழகியவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

கவனியுங்கள். இடது காலைத் தட்டி வைக்கிறார், தோள் இடப்பக்கம் சாய்கிறது. கார்னர்பேக்கின் இடுப்பு அந்தப் பக்கம் திரும்புகிறது. அந்தக் கணத்தில் வலது காலை ஊன்றி, எதிராளியின் கையை மணிக்கட்டுக்குக் கீழே தட்டிவிட்டு, அவர் தோளுக்கு அடியில் நுழைந்து வெளியே வந்துவிடுகிறார். வந்ததும் அப்படியே ஒதுங்கி ஓடுவதில்லை. திரும்பவும் எதிராளிக்கு நேர் முன்னால் வந்து, அவரைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறார். இனி அந்த கார்னர்பேக் எந்தப் பக்கம் போனாலும் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

அடுத்தது ரூட், அதாவது ரிசீவர் ஓட வேண்டிய பாதை. எண் போட்டுச் சொல்வார்கள். ஒற்றைப்படை என்றால் பெரும்பாலும் எல்லைக்கோட்டுப் பக்கம், இரட்டைப்படை என்றால் நடுவே, ஒன்பது என்றால் நேராக ஓட்டம். இதை மனப்பாடம் செய்ய ஒரு நாள் போதும். முழு வேகத்தில் ஓடிக்கொண்டே, நெஞ்சை நிமிர்த்தாமல் இடுப்பை மட்டும் இறக்கி, இரண்டு மூன்று அடியில் நின்று திரும்புவதுதான் கஷ்டம். நெஞ்சு நிமிர்ந்தால் போச்சு. திரும்பப் போகிறார் என்பதை எதிராளி படித்துவிடுவார். வேகம் பிறவியில் வருகிறது. இந்த இறக்கம் பயிற்சியில்தான் வருகிறது. என் கண்ணுக்கு கோச்சின் கை தெரிவது இங்கேதான்.

[திரையில்: நான்கு பெயர்கள், 2020]

இப்போது கையில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2020இல் ஓஹையோ ஸ்டேட் ஒரே ஆண்டில் நான்கு ரிசீவர்களைச் சேர்த்தது. ஜூலியன் ஃபிளெமிங், ஸ்மித்-என்ஜிக்பா, ஜீ ஸ்காட் ஜூனியர், மூக்கி கூப்பர். அந்த ஆண்டு நாட்டிலேயே முதல் ரிசீவர் என்று பேசப்பட்டவர் ஃபிளெமிங். நால்வருக்கும் ஒரே கோச், ஒரே அறை, ஒரே பயிற்சி. ஸ்மித்-என்ஜிக்பா அடுத்த ஆண்டே 95 கேட்ச், 1,606 யார்டு எடுத்தார். ஃபிளெமிங்கைக் காயங்கள் துரத்தின. பின்னால் பென் ஸ்டேட்டுக்கு மாறினார். ஸ்காட் டைட் எண்ட் என்ற வேறு இடத்துக்கு மாறினார். கூப்பர் மிசூரிக்குப் போனார்.

ஸ்டார் எண்ணிக்கைதான் எல்லாம் என்கிற கட்சிக்கு இது இடிக்கிறது. கோச்தான் எல்லாம் என்கிற கட்சிக்கும் இடிக்கிறது. ஒரே தண்ணீர் ஊற்றிய நான்கு கன்றும் நான்கு விதமாக வளர்ந்தன. இந்த ஒரு வகுப்பைப் பற்றிப் பேசாமல் ஹார்ட்லைனைப் புகழ்வதும் சரியில்லை, இகழ்வதும் சரியில்லை.

ஒலாவே விஷயம் இன்னும் சுவாரசியம். அவர் பெரிய ஸ்டார் எதுவும் வாங்கியவர் இல்லை. பள்ளி மாறியதால் விதிப்படி ஒரு சீசன் முழுக்க உட்கார வேண்டியிருந்தது. யார் கண்ணிலும் படவில்லை. அப்போது ஓஹையோ ஸ்டேட்டில் உதவிக் கோச்சாக இருந்த ரயன் டே, அதே பள்ளியில் ஒரு குவாட்டர்பேக்கைப் பார்க்கப் போனார். பந்தை வாங்கிக்கொண்டிருந்த பையன் கண்ணில் பட்டான். அந்தப் பையன் முதல் ஆண்டிலேயே மிச்சிகனுக்கு எதிராக ஒரு பண்டை (எதிரணி காலால் உதைத்து அனுப்பும் பந்தை) தடுத்து, இரண்டு டச் டவுனும் எடுத்தான். கல்லூரியை விட்டுப் போகும்போது 35 டச் டவுன் கேட்ச்; ஓஹையோ ஸ்டேட்டின் சாதனை. வளர்ச்சிக்கு ஒரே ஓர் ஆதாரம் காட்டு என்றால் நான் வில்சனைக் காட்ட மாட்டேன், ஒலாவேயைக் காட்டுவேன்.

[திரையில்: லூயிசியானா, ஊதாவும் தங்கமும்]

ஆனால் கோச்சின் பங்கை அளப்பதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. அதைப் பார்க்க லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு, எல்.எஸ்.யூ.வுக்குப் போவோம். ஜஸ்டின் ஜெஃபர்சன் 2017இல் சேர்ந்தார். அந்த ஆண்டு ஒரு கேட்ச்கூட இல்லை. 2018இல் 54 கேட்ச், 875 யார்டு. 2019இல் 111 கேட்ச், 1,540 யார்டு, 18 டச் டவுன். கூடவே ஆடிய ஜமார் சேஸ் 313 யார்டிலிருந்து 1,780 யார்டுக்குத் தாவினார். "பார், எப்படி வளர்த்திருக்கிறார்கள்!" என்று சொல்லத் தோன்றும்.

அந்த இரண்டு ஆண்டுகளிலும் ரிசீவர் கோச் ஒருவரே, மிக்கி ஜோசஃப். குவாட்டர்பேக்கும் ஒருவரே, ஜோ பரோ. மாறியது என்ன? 2019இல் என்.எஃப்.எல். அணியான நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸிலிருந்து கோச்சாக ஜோ பிரேடி வந்தார், பந்தை எறிந்து ஆடும் பாஸ் ஆட்டத்தின் அமைப்பையே மாற்றினார். ஜெஃபர்சன் பெரும்பாலும் ஸ்லாட்டில், அதாவது உள்பக்கமாக, நின்று ஆடினார். அங்கே நெஞ்சில் கை வைக்க ஆள் அருகில் இருப்பது குறைவு. இரண்டு பக்கமும் திரும்ப இடம் உண்டு. பரோவும் சேஸும் அந்த ஆண்டில் முதிர்ந்தார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் ஒரு பையனின் எண்ணிக்கை ஒரே வருஷத்தில் இரட்டிப்பானால், அவன் காலும் கையும் இரட்டிப்பு மேம்பட்டுவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பந்து அவனைத் தேடி வருகிறது என்பதும் அதில் சேர்த்திதான். 'எங்கள் கோச்சை நீக்குங்கள், ரிசீவர்கள் வளரவே இல்லை' என்று கோபப்படும் ரசிகர்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று மனசாரக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு விஷயம், நேரம். சீசன் நடக்கும்போது கல்லூரி வீரர்களிடம் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பது கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் விதி. மீட்டிங், ஜிம், பயிற்சி எல்லாம் அதற்குள் அடக்கம். ஆட்ட நாளே மூன்று மணி நேரமாகக் கணக்கில் ஏறும். அதில் ரிலீஸுக்கும் காலடிக்கும் எவ்வளவு மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். மீதி எல்லாம் பையன் தானாகப் போய், பந்து வீசும் மெஷின் முன்னால் நின்று செய்வது.

[திரையில்: ஓஹையோ ஸ்டேட் சட்டை, பிறகு அலபாமா சட்டை]

இந்த வாதத்தில் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் பெயர் ஜேமிசன் வில்லியம்ஸ். ஓஹையோ ஸ்டேட்டில் இரண்டு ஆண்டு, மொத்தம் 15 கேட்ச். 2021இல் அலபாமாவுக்கு மாறினார். ஒரே சீசனில் 79 கேட்ச், 1,572 யார்டு, 15 டச் டவுன். டிராஃப்டில் பன்னிரண்டாவது, ஒலாவேக்கு அடுத்த இடம்!

"கையிலிருந்த வைரத்தை ஹார்ட்லைன் பார்க்கவில்லை" என்று ஒரு சாரார். "இரண்டு வருஷம் தீட்டியது அவர், அறுவடை செய்தது அலபாமா" என்று இன்னொரு சாரார். நான் இரண்டாவது பக்கம்தான் சாய்வேன். வில்லியம்ஸுக்கு முன்னால் வரிசையில் நின்றவர்கள் வில்சன், ஒலாவே, ஸ்மித்-என்ஜிக்பா. மூவருமே பின்னால் முதல் சுற்றில் போனவர்கள். களத்தில் மூன்று இடம் இருந்தால் நான்காவது ஆளை எங்கே நிறுத்துவது? ஆனாலும் அவர் போனதில் தப்பே இல்லை. தன் வயிற்றுப்பாட்டை அவரவர்தான் பார்க்க வேண்டும்.

அதே 2021இல்தான் விதியும் மாறியது. முன்பெல்லாம் கல்லூரி மாறினால் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும். இப்போது உடனே ஆடலாம். அந்த ஜூலையிலிருந்து தன் பெயரை வைத்துப் பணமும் சம்பாதிக்கலாம். காத்திருப்பதற்கு இருந்த காரணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. மைக்கேல் தாமஸ் ஓஹையோ ஸ்டேட்டில் முதல் வருஷம் ஆடிவிட்டு, இரண்டாவது வருஷம் முழுக்க வெளியே உட்கார்ந்தவர். 2019இல் என்.எஃப்.எல்.லில் ஒரே சீசனில் 149 கேட்ச் எடுத்துச் சாதனை படைத்தார். இன்றைய விதியில் அந்த இரண்டாவது வருஷத்தை அவர் அங்கேயே கழித்திருப்பாரா?

[திரையில்: மீண்டும் ரோஸ் பௌல்]

அதனால்தான் மறுபடியும் பாசடீனாவுக்குப் போகிறேன். அன்று ஸ்மித்-என்ஜிக்பாவைப் பற்றியே எல்லோரும் பேசினோம். அதே ஆட்டத்தில் இன்னொரு பையனும் ஆடினார். முதலாண்டு மாணவர், மார்வின் ஹாரிசன் ஜூனியர். அந்த சீசன் முழுக்க அதுவரை அவருக்குக் கிடைத்தது ஐந்தே கேட்ச். டச் டவுன் ஒன்றுகூட இல்லை. மூத்தவர்கள் இருவர் விலகியதால் அன்று இடம் கிடைத்தது. ஆறு கேட்ச், மூன்று டச் டவுன்.

2023இல் நாட்டின் சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருது அவருக்கு. 2024 டிராஃப்டில் நான்காவது ஆளாகப் போனார். தந்தையும் பெரிய ரிசீவர், புகழ்மண்டபத்தில் இடம்பெற்றவர். பிறப்பிலேயே வந்தது நிறைய, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆட்டத்தில் அவருடைய மூன்று டச் டவுன்களையும் நீங்களே தேடிப் பாருங்கள். பந்தை விட்டுவிடுங்கள். கால்களை மட்டும் பாருங்கள், முதல் மூன்று அடி. ஐந்து கேட்ச் மட்டும் கிடைத்த அந்த நான்கு மாதத்தில் பயிற்சி மைதானத்தில் என்ன நடந்திருக்கும் என்பது அங்கே தெரியும்.