அம்மம்மாவின் சீதன உறுதி

வணக்கம் நேயர்களே. பரம்பரை தேடப் போகிறேன் என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "வீட்டில் பழைய காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், இருக்கிறதா?" என்றுதான். அரசாங்கக் கச்சேரிக்கும் கொழும்புக்கும் பிறகு போகலாம். முதலில் அந்த றங்குப்பெட்டியைத் திறவுங்கள்.

யாழ்ப்பாணத் தமிழரான எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. அப்பாவின் பெயர்தான் முன்னால் நிற்கும். அப்பப்பாவின் பெயரையே பேரப்பிள்ளைக்கும் வைப்பார்கள். ஒரு ஊரிலேயே எத்தனை கந்தையா, எத்தனை சின்னத்தம்பி! பெயரை மட்டும் நம்பிப் போனால் வேறு யாருடைய பூட்டனையோ கண்டுபிடித்துவிடுவோம். காணி அப்படி ஏமாற்றாது.

அதிலும் சீதன உறுதி, பெண்ணுக்குச் சீதனமாகக் காணி எழுதிக்கொடுத்த பத்திரம். இதை நான் எங்கு போனாலும் சொல்வேன். வம்சாவளி என்று எழுதிவைப்பதில் பெரும்பாலும் ஆண்கள்தான் இருப்பார்கள். ஆனால் எங்களிடம் தேசவழமை என்ற யாழ்ப்பாண வழக்கச் சட்டம் இருக்கிறதே! 1707இல் ஒல்லாந்தர் அதை எழுத்தில் பதிந்தபோதே, தாயின் சீதனம் மகள்மாருக்குப் போவது பழைய வழக்கம். அதனால் எங்கள் பெண்கள் உறுதிகளில் தங்கிவிட்டார்கள்.

உறுதியில், "எனக்கு இன்ன உறுதிப்படி உரித்தானது" என்று ஒரு வரி வரும். அதை நின்று வாசியுங்கள். முந்தின உறுதியின் இலக்கம், ஆண்டு, அதை எழுதிச் சான்றுப்படுத்திய நொத்தாரிசின் பெயர் எல்லாம் அங்கே கிடக்கும். அதைக் கொண்டுபோய்க் காணிப் பதிவகத்தில் தேடினால் ஒரு தலைமுறை மேலே ஏறிவிடலாம். அப்புறம் நான்கு எல்லைகளையும் பாருங்கள். ஒரு வளவைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தால் எல்லைக்காரர் உறவுக்காரராகத்தான் இருப்பார்.

பிறகு கிணறு. "கிணற்றில் மூன்றிலொரு பங்கும் வழிவாய்க்கால் பாத்தியதையும்" என்று எழுதியிருந்தால், மற்ற இரண்டு பங்கும் யாருக்குப் போனது? விடாமல் தேடுங்கள். அம்மம்மாவின் சகோதரிகள் அநேகமாக அங்கேதான் அகப்படுவார்கள். கோபித்துக்கொண்டு பேச்சை விட்ட குடும்பங்கள்கூட ஒரே துலாவில்தான் தண்ணீர் அள்ளின.

போரினால் நேர்ந்த 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் உறுதி தொலைந்துபோன வீடுகள் ஏராளம். மனம் தளர வேண்டாம். நொத்தாரிசு உறுதியின் ஒரு பிரதியைப் பதிவகத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும். இலக்கம் தெரியாவிட்டாலும் ஊரும் காணிப் பெயரும் தெரிந்தால் தொடங்கலாம். திரும்பவும் சொல்கிறேன், காணிப் பெயர். ஊரில் இருக்கும் வயதானவர்களிடம் இன்றைக்கே கேட்டு எழுதிவையுங்கள்.

நேரம் போய்விட்டது, தயாரிப்பாளர் கை காட்டுகிறார். தோம்பு என்ற பழைய காணிப் பதிவேட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன். சரி, சுருக்கமாக. உறுதியில் கோயிற்பற்று என்று ஒரு பெயர் வரும். அது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துப் பிரிவு. அதைக் குறித்துக்கொண்டால், கொழும்புச் சுவடிகள் திணைக்களத்தில் ஒல்லாந்தர் ஆவணங்களைப் பார்க்கும்போது எந்தப் பகுதியைத் தேடுவது என்று தெரியும். முன்னோர் அமெரிக்க மிஷன் பள்ளிகளில் படித்திருந்தால் தேவாலயப் பதிவேடுகளையும் கேளுங்கள். இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடித்த கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகங்களை ஒருபோதும் எறியாதீர்கள், அவற்றில் வம்சாவளியே இருக்கும். இணையத்தில் "நூலகம்" என்ற தளத்திலும் பழைய கல்வெட்டுகள் இருக்கின்றன. வணக்கம்.