ஓடச் சொன்னவரே வென்று காட்டினார்

நண்பர்களே, கொரியத் தளபதி என்றதும் பலருக்கும் ஆமைக் கப்பல் புகழ் யி சுன்-சின்தான் நினைவுக்கு வருவார். நான் பேசப்போகிறவர் அவருக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் மூத்தவர், அன்றைய கொரிய நாடான கோரியோவைக் காத்த காங் காம்-சான். 948இல் பிறந்தவர். குட்டையானவர், பார்க்க அழகில்லாதவர், அழுக்கும் கிழிசலுமாகத்தான் உடுத்துவார் என்று அந்த நாட்டு வரலாற்று நூலே எழுதி வைத்திருக்கிறது. இன்னொன்று, இவர் வாள் பிடித்து வளர்ந்தவரே இல்லை. 983இல் அரசுத் தேர்வில் முதலிடம் பெற்று வேலைக்கு வந்த படிப்பாளி!

1010இல் வடக்கிலிருந்து கித்தான் என்ற இனத்தார் ஆண்ட லியாவ் பேரரசின் அரசர் தானே பெரும்படையோடு இறங்கினார். கோரியோவில் ஒரு தளபதி மன்னரைக் கொன்றுவிட்டு ஹியோன்ஜோங் என்ற இளைஞரை அரியணையில் ஏற்றியிருந்தார், அந்தத் தளபதியைத் தண்டிக்க வருகிறேன் என்பது சாக்கு. அந்தத் தளபதியும் தோற்றுச் செத்தார். அரசவையில் ஆளாளுக்குச் சரணடையலாம் என்றார்கள். காங் காம்-சான் மட்டும், இப்போது மோதினால் தாங்க மாட்டோம், சரணடையவும் வேண்டாம், மன்னர் தெற்கே போகட்டும், காலம் கடத்தி மெல்ல மீள்வோம் என்றார். வீரம் பேசுகிறவர்களுக்கு இது கோழைத்தனமாகத்தான் பட்டிருக்கும். மன்னர் தெற்கே நாஜு என்ற ஊர் வரைக்கும் ஓடினார், தலைநகர் கேசோங் எரிந்தது. ஆனால் மன்னர் சிக்கவில்லை, திரும்பிப் போன கித்தான் படையை வடக்குக் கோட்டைகளில் இருந்தவர்கள் வழியெல்லாம் அடித்தார்கள். என்னைக் கேட்டால், இவர் உண்மையில் வென்றது இந்த யோசனையைச் சொன்ன அன்றைக்கே.

அப்புறம் 1018. ஷியாவ் பையா என்ற தளபதி ஒரு லட்சம் பேரோடு மறுபடி வந்தார். இந்த முறை கோரியோவிடம் 2,08,000 பேர் தயார், தலைமை எழுபது வயது காங் காம்-சான். எல்லைக் கோட்டையான ஹுங்வாஜின் பக்கத்தில் மாட்டுத் தோல்களைப் பெரிய கயிற்றில் கோத்து ஓடையை மறித்தார், மலையிடுக்கில் 12,000 குதிரை வீரர்களை ஒளித்து வைத்தார். எதிரி வந்ததும் தண்ணீரைத் திறந்துவிட்டு மேலே பாய்ந்தார்கள். பின்னால் நடந்த குவிஜுப் போரில் ஆற்றைத் திறந்து மூழ்கடித்தார் என்று பலர் சொல்வார்கள், அது தவறு, தண்ணீர் விஷயம் இங்கேதான் நடந்தது.

அடிபட்டும் ஷியாவ் பையா நிற்கவில்லை, நேரே தலைநகரை நோக்கிப் போனார். இந்தத் தடவை மன்னர் ஓடவில்லை. வெளியே இருந்த மக்களை மதிலுக்குள் அழைத்துக்கொண்டு, எதிரிக்கு ஒரு பிடி தானியம்கூட மிஞ்சாதபடி வயல்களைக் காலி செய்யச் சொன்னார். பட்டினியோடு திரும்பிய படையை 1019இல் குவிஜு வெளியில் காங் காம்-சான் மறித்தார். நெடுநேரம் யார் பக்கமும் சாயாத போர். தலைநகரைக் காக்க அனுப்பிய 10,000 பேர் திரும்பி வந்து சேர்ந்தார்கள், திடீரென்று தெற்கிலிருந்து காற்றும் மழையும் எதிரியின் முகத்தில் அடித்தன. வந்த ஒரு லட்சத்தில் சில ஆயிரம் பேர்தான் ஊர் திரும்பினார்கள்.

மன்னரே வழியில் வந்து எதிர்கொண்டு, தன் கையால் எட்டுப் பொற்பூங்கொம்புகளை அவர் தலையில் சூட்டினார். வாங்கிக்கொண்டு அவர் செய்தது என்ன தெரியுமா? வயதாகிவிட்டது, ஓய்வு கொடுங்கள் என்று கேட்டார், கூடவே தலைநகருக்கு வெளி மதில் கட்டுங்கள் என்றார். மதில் 1029இல் முடிந்தது. கோரியோவும் வெற்றிக் களிப்பில் வடக்கே படையெடுக்கவில்லை, 1022இல் லியாவின் நாட்காட்டியையே ஏற்றுக்கொண்டு, அதாவது லியாவை மேலரசாக ஒப்புக்கொண்டு, சமாதானம் செய்துகொண்டது. ஜெயித்தவன் எதற்கு இறங்கிப்போக வேண்டும் என்று கேட்கலாம், ஆனால் லியாவ் அதன்பின் அப்படியொரு பெரும்படையை அங்கே அனுப்பவே இல்லை.

1031இல் ஹியோன்ஜோங், லியாவ் பேரரசர், காங் காம்-சான் மூவருமே இறந்தார்கள். சரி, நேரமாகிவிட்டது, கேள்வி இருந்தால் கேளுங்கள்.