தூக்கு விதிக்கும் நீதிபதி எதை எழுதியாக வேண்டும்?

[திரையில்: தீர்ப்பின் கடைசிப் பக்கம்]

"குற்றம் மிகக் கொடூரமானது. சமூகத்தின் மனசாட்சியை உலுக்கிவிட்டது. ஆகவே தூக்கு தண்டனை." ஒரு செஷன்ஸ் நீதிபதி இந்த மூன்று வரியோடு முடித்துவிட்டால், அந்தத் தண்டனை உயர் நீதிமன்றத்தில் நிற்பது கஷ்டம்.

[திரையில்: 1898, 1955, 1973]

1898 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் கதை தலைகீழ். கொலை வழக்கில் தூக்கு கொடுக்காமல் விட்டால்தான் நீதிபதி காரணம் எழுத வேண்டும். 1955 திருத்தம் அதை எடுத்துவிட்டது. 1973 சட்டத்தின் 354(3) பிரிவு ஆயுள் தண்டனையைப் பொது விதியாக்கி, தூக்கு என்றால் 'சிறப்புக் காரணங்கள்' எழுதச் சொன்னது. இன்று அதே விதி, அந்தச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 393(3) பிரிவில் இருக்கிறது.

சரி, எது சிறப்புக் காரணம்? 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல்: அரிதினும் அரிதான வழக்கு, ஆயுள் தண்டனை போதும் என்று சொல்லவே வழியில்லாத நிலை. அப்படியானால் தீர்ப்பு பதில் சொல்ல வேண்டிய கேள்வி, "ஆயுள் ஏன் போதாது?" என்பதுதான். பலர் சறுக்குவது இங்கேதான். பிரேதப் பரிசோதனை அறிக்கையிலிருந்து காயங்களைப் பக்கம் பக்கமாக எடுத்து எழுதுவார்கள். குற்றவாளியின் வயது, வளர்ந்த சூழல், மனநலம், சிறையில் நடந்துகொண்ட விதம் பற்றி ஒரு வரி இருக்காது. இவர் திருந்தவே மாட்டார் என்று ஆதாரத்தோடு காட்ட வேண்டியது அரசுத் தரப்பு. அந்த ஆதாரம் என்ன என்பதும் தீர்ப்பில் தெரிய வேண்டும்.

[திரையில்: குற்றவாளிக் கூண்டு]

ஆதாரம் இல்லாமல் போவதற்குக் காரணம் அவசரம். குற்றவாளி என்று அறிவித்த பிறகு, தண்டனை பற்றி அவர் தரப்பைத் தனியாகக் கேட்க வேண்டும், இது அதே சன்ஹிதாவின் 258(2) பிரிவு. காலையில் குற்றவாளி என்று சொல்லி, "ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்டு, "வயசான அம்மா இருக்காங்க ஐயா" என்ற பதிலை மட்டும் பதிவு செய்துகொண்டு மதியமே தண்டனை அறிவித்தால், வக்கீலுக்கு எதைத் திரட்ட நேரம் இருக்கும்? 2022இல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி சொன்னது: மனநல மதிப்பீட்டை அரசுத் தரப்பே முன்கூட்டித் தயாராக வைத்திருக்க வேண்டும்; நன்னடத்தை அலுவலரின் அறிக்கையும் சிறை அறிக்கையும் நீதிமன்றத்துக்கு வர வேண்டும்.

மேல்முறையீடு செய்தாலும் செய்யாவிட்டாலும் வழக்குக் கட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே உறுதிசெய்யாமல் தண்டனையை நிறைவேற்ற முடியாது. தண்டனைப் பகுதியைப் புரட்டும் நீதிபதிகள் அந்த அறிக்கைகளைத்தான் தேடுவார்கள்.